தாய்ப்பன்றியின் நாள்கணக்கும் தீவனத்தின் அமினோ அமிலக் கணக்கும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்ட வடிவம்)



பெண்பன்றி சினைப்பட்டு ஏறத்தாழ 114 நாளில் ஈனுகிறது. அதன்பின் சில வாரங்கள் பாலூட்டுகிறது. தீவிர முறைப் பண்ணைகளில் இது 3 அல்லது 4 வாரம். இந்தியப் பண்ணைகள் பலவற்றில் 6 முதல் 8 வாரம். குட்டிகளைப் பிரித்த பிறகு, உடல்நலம் கெடாதிருந்தால், 4 முதல் 7 நாளில் மீண்டும் சினைப்பருவத்துக்கு வருகிறது. இந்த ஒரு சுற்றுக்குள் அதன் உடல் செய்யும் வேலை பலமுறை மாறுகிறது. தொடக்கத்தில் கரு தங்க வேண்டும். பிறகு நஞ்சுக்கொடி வளர வேண்டும். கடைசி மாதத்தில் கருவும் மடியும் ஒருசேர வளர்கின்றன. ஈன்றபின் பால் சுரக்க வேண்டும். வேலை மாறும்போது அதற்கு வேண்டிய அமினோ அமிலங்களின் அளவும் மாறுகிறது, அவற்றுக்கு இடையிலான விகிதமும் மாறுகிறது.

தீவனப் பையோ பெரும்பாலும் மாறுவதில்லை. இந்த உரையின் மையக்கருத்து இதிலிருந்தே பிறக்கிறது: தாய்ப்பன்றித் தீவனத்தில் அமினோ அமிலம் சேர்ப்பது அளவைக் கூட்டும் வேலை என்று கருதப்படுகிறது, உண்மையில் அது நாளையும் விகிதத்தையும் பொருத்தும் வேலை. இக்கருத்து எட்டுக் கூறுகளாக இங்கே விரிக்கப்படுகிறது.

1. புரதத்தின் அளவும் புரதத்தின் தரமும்

விலங்கின் உடலுக்குப் புரதம் என்ற பொருள் நேரடியாகத் தேவைப்படுவதில்லை. குடலில் புரதம் செரித்துக் கிடைக்கும் அமினோ அமிலங்களே தேவை. அமெரிக்காவின் தாமஸ் ஆஸ்பர்ன், லாஃபயெட் மெண்டல் ஆகியோர் 1914இல் வெளியிட்ட எலி ஆய்வுகள் இதை ஐயமின்றி நிறுவின. மக்காச்சோளத்தின் சேயின் என்ற புரதத்தை மட்டும் உண்ட எலிகள் வளரவில்லை. டிரிப்டோபனைச் சேர்த்தபோது எடை குறையாமல் நின்றது. லைசினையும் சேர்த்த பிறகே வளர்ச்சி தொடங்கியது. வில்லியம் ரோஸ் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1935இல் திரியோனினைக் கண்டறிந்ததோடு, புரதத்தில் உள்ள இன்றியமையா அமினோ அமிலங்களின் பட்டியல் நிறைவடைந்தது.

பல நிறப் பூக்களை ஒரே வரிசைமுறையில் வைத்துத் தொடுக்கும் மாலையில் ஒரு நிறப் பூ தீர்ந்துவிட்டால் தொடுப்பது நின்றுவிடும். கூடையில் மீந்த மற்றப் பூக்கள் வாடிப் போகும். உடலில் புரதம் உருவாவதும் இவ்வாறே. முதலில் தீர்ந்துபோகும் அமினோ அமிலம் முதல் குறைவரம்பு அமினோ அமிலம் எனப்படும். மீந்தவை உடலில் சேமித்து வைக்கப்படுவதில்லை. அவற்றின் நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் போகிறது. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கலந்த பன்றித் தீவனத்தில் முதலில் குறைவது லைசின். அதற்கு அடுத்து எது குறைகிறது என்பது தாய்ப்பன்றியைப் பொறுத்தவரை நிலையான செய்தி அல்ல. அதன் காரணம் ஆறாம் கூறில் வருகிறது.

2. விகிதக் கணக்கு

லைசினை 100 என்று வைத்து, மற்ற அமினோ அமிலங்களை அதன் விழுக்காடாகச் சொல்வது இன்றைய மரபு. இதற்கு இலட்சியப் புரதம் என்று பெயர். பிரிட்டனின் வேளாண் ஆராய்ச்சி மன்றம் 1981இல் பன்றிகளுக்காக இம்முறையை முன்வைத்தது. லைசினை அளவுகோலாக எடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. தீவனத்தில் முதலில் குறைவது அது; உடலில் பெரும்பாலும் புரதம் கட்டவே செலவாவதும் அது; ஆய்வகத்தில் அதை அளப்பதும் எளிது.

இலட்சியப் புரதம் முதலில் வளரும் பன்றிக்காக உருவானது. வளரும் பன்றியின் முதன்மை வேலை தசை கட்டுவது ஒன்றே என்பதால் ஒரே விகிதம் நெடுநாள் பொருந்தும். தாய்ப்பன்றிக்கு அப்படி இல்லை. உடற்பராமரிப்பு, கரு, நஞ்சுக்கொடி, கருப்பை, மடி, பால் ஆகிய ஒவ்வொன்றும் தனக்கென ஒரு விகிதத்தைக் கேட்கிறது. அந்தந்த நாளில் எது மேலோங்குகிறதோ அதன் விகிதமே மொத்தத் தேவையின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

3. சினைக்காலத்தின் இரு பகுதிகள்

சினைக்காலத்தை ஒரே நீட்சியாகக் கருதி, ஒரே தீவனத்தை ஒரே அளவில் கொடுப்பது பழைய வழக்கம். கருவின் வளர்ச்சியை அளந்து பார்த்த ஆய்வுகள் அந்த வழக்கத்தின் குறையைக் காட்டின. 2004இல் வெளியான ஓர் ஆய்வின்படி, சினையின் 69ஆம் நாள்வரை ஒரு கருவில் நாளொன்றுக்குச் சேரும் புரதம் ஏறத்தாழ 0.25 கிராம். அதற்குப் பிறகு அது 4.6 கிராமுக்கு மேல் உயர்கிறது. ஏறத்தாழ 18 மடங்கு. கருப்பையில் 14 கருக்கள் இருந்தால், முன்பகுதியில் நாளுக்கு மூன்றரைக் கிராமாக இருந்த செலவு பின்பகுதியில் 65 கிராமை எட்டுகிறது. மடித் திசுக்களும் இந்தப் பின்பகுதியிலேயே வேகமாக வளர்கின்றன.

விகிதமும் இதையொட்டி மாறுகிறது. சினையின் முதல் 60 நாளில் லைசின் 100 என்றால் திரியோனின் 79, லியூசின் 88. பின்பகுதியில் திரியோனின் 71, லியூசின் 95 என்று 2009இல் கணக்கிடப்பட்டது. முன்பகுதியில் திரியோனின் மேலோங்குவதற்குக் காரணம், அப்போது உடற்பராமரிப்பே பெரிய செலவு என்பதுதான். குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தில் திரியோனின் மிகுதி. அந்தச் சளி ஓயாமல் சுரந்து வெளியேறுகிறது. சினைப்பன்றித் தீவனத்தில் தவிடு போன்ற நார்ப்பொருள் கூடக்கூட இந்த இழப்பும் கூடும்.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2012இல் வெளியிட்ட பன்றி ஊட்டத்தேவை நூலின் 11ஆம் பதிப்பு, சினைக்காலத் தேவையை 90ஆம் நாளுக்கு முன், பின் என்று பிரித்துத் தந்தது. தலையீற்றுப் பன்றிக்கு 90ஆம் நாள்வரை செரிக்கத்தக்க லைசின் நாளுக்கு ஏறத்தாழ 10.6 கிராம்; அதன்பின் ஏறத்தாழ 16.7 கிராம். பல ஈற்றுகள் கண்ட பன்றிக்கு இதைவிடக் குறைவு போதும், ஏனெனில் அதன் சொந்த உடல் வளர்ச்சி முடிந்துவிட்டது. இரண்டும் ஒரே தொட்டியில் ஒரே தீவனம் உண்ணும் பண்ணையில், தலையீற்றுப் பன்றி கடைசி மாதத்தில் பற்றாக்குறையோடு வாழ்கிறது. மூத்த பன்றி முதல் மூன்று மாதத்தில் வீண் புரதத்தைச் சிறுநீராகக் கழிக்கிறது.

4. அர்ஜினின்: நாள் தவறினால் பலன் தவறும்

இந்த உரையின் மையக்கருத்தை அர்ஜினின் ஆய்வுகளைப் போலத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. அர்ஜினின் புரதம் கட்டப் பயன்படுவதோடு, நைட்ரிக் ஆக்சைடு, பாலிஅமைன் என்ற இருவகைப் பொருள்களுக்கும் மூலம். முன்னது இரத்தக் குழாய்களை விரிக்கவும் புதிதாகக் கிளைக்கச் செய்யவும் உதவுகிறது. பின்னவை உயிரணுப் பெருக்கத்துக்கு வேண்டும். நஞ்சுக்கொடி வளரும் காலத்தில் இரண்டும் இன்றியமையாதவை. பன்றிக் கருவைச் சூழ்ந்த அல்லன்டாயிக் நீரில், சினையின் 40ஆம் நாளையொட்டி, அர்ஜினின் வியக்கத்தக்க அளவில் செறிந்திருப்பதை டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் குவோயாவ் வூ குழுவினர் 1996இல் காட்டினர்.

அதே குழு 2007இல் ஒரு முக்கியமான சோதனையை வெளியிட்டது. தலைச்சினைப் பன்றிகளின் தீவனத்தில், சினையின் 30ஆம் நாளிலிருந்து 114ஆம் நாள்வரை, 1 சதவீதம் அர்ஜினின் ஹைட்ரோகுளோரைடு சேர்க்கப்பட்டது. ஒப்பீட்டுக் குழுவுக்கு அதே அளவு நைட்ரஜன் தரும் அலனின் கொடுக்கப்பட்டது. அர்ஜினின் உண்ட பன்றிகள் சராசரியாக 2 குட்டிகளைக் கூடுதலாக உயிருடன் ஈன்றன. உயிருடன் பிறந்த குட்டிகளின் மொத்த எடை 24 சதவீதம் உயர்ந்தது.

2010இல் வெளியான அடுத்த ஆய்வில் 0.8 சதவீதம் அர்ஜினின், இனச்சேர்க்கை நாளிலிருந்தே, 25ஆம் நாள்வரை கொடுக்கப்பட்டது. கருக்களின் எண்ணிக்கை கூடவில்லை, குறைந்தது. பின்னர் 14ஆம் நாளில் தொடங்கி 25ஆம் நாள்வரை கொடுத்துப் பார்த்தபோது கருக்கள் பிழைப்பது மேம்பட்டது. பொருள் ஒன்று, அளவும் ஏறத்தாழ ஒன்று. தொடங்கிய நாள் வேறு. பன்றிக் கரு முதல் இரு வாரங்கள் கருப்பைக் கொம்புகளுக்குள் மிதந்து இடம்பெயர்கிறது. கருப்பைச் சுவரோடு அது பற்றத் தொடங்குவது 13, 14ஆம் நாளையொட்டியே. பற்றுவதற்கு முன்னும் பின்னும் கருப்பைச் சூழல் ஒன்றல்ல என்பதை இம்முடிவுகள் உணர்த்துகின்றன.

பிற பண்ணைகளில் நடந்த அர்ஜினின் சோதனைகள் எல்லாம் 2007ஆம் ஆண்டின் உயர்வைத் தரவில்லை. சிலவற்றில் பலன் சிறிது, சிலவற்றில் இல்லை. பன்றியின் இனம், ஈற்று எண், அடிப்படைத் தீவனம், சேர்க்கும் நாள் ஆகியவை வேறுபடும்போது முடிவும் வேறுபடுகிறது. அர்ஜினினும் லைசினும் உயிரணுவுக்குள் நுழைய ஒரே கடத்திகளுக்குப் போட்டியிடுவதால், அர்ஜினினை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதும் தவறு. எனவே ஒவ்வொரு பண்ணைக்கும் அர்ஜினின் பையைப் பரிந்துரைப்பது அறிவியலுக்குப் பொருந்தாது.

5. பாலூட்டும் காலம்: தேவை கிராமில், தீவனம் கிலோவில்

பாலூட்டும் தாய்ப்பன்றி தன் எடைக்கு மிகுதியாக உழைக்கும் விலங்கு. குட்டி 1 கிராம் எடை கூட ஏறத்தாழ 4 கிராம் பால் வேண்டும். 10 குட்டிகள் நாளுக்கு 250 கிராம் வீதம் வளர்ந்தால் மொத்த வளர்ச்சி இரண்டரைக் கிலோ. அதற்கு வேண்டிய பால் 10 கிலோ. அந்தப் பாலில் உள்ள புரதம் அரைக் கிலோ.

குட்டிகளின் மொத்த வளர்ச்சி ஒரு கிலோ கூடினால் தாய்க்கு வேண்டிய லைசின் 26 கிராம் கூடும் என்று 1993இல் தொகுக்கப்பட்ட கணக்கு இன்றும் பயன்படுகிறது. இரண்டரைக் கிலோ வளர்ச்சிக்கு 65 கிராம். தாயின் உடல்தசை கரைந்து தருவது ஏறத்தாழ 6 கிராம். மீதி 59 கிராம் தீவனத்திலிருந்து வர வேண்டும்.

இங்கேதான் கலவைக்காரர் தவறும் இடம் இருக்கிறது. பன்றி நாளுக்கு 6 கிலோ உண்டால் தீவனத்தில் லைசின் 1 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும். அதே பன்றி வெயிலில் சோர்ந்து நான்கரைக் கிலோ மட்டும் உண்டால் 1.3 சதவீதம் வேண்டும். தேவை கிராமில் நிற்கிறது. சதவீதம் உண்ணும் அளவைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. தினமும் எவ்வளவு தின்கிறது என்று அளக்காத பண்ணையில் எந்தச் சதவீதமும் ஊகமே.

பற்றாக்குறை உடனே பாலில் தெரிவதில்லை. தாய் தன் தசையைக் கரைத்துப் பாலைக் காக்கிறது. ஆனால் உடற்புரதத்தில் ஏறத்தாழ 9 முதல் 12 சதவீதத்துக்கு மேல் இழந்தால் பாலும் குறைகிறது, சினைப்பையின் செயலும் தளர்கிறது. அடுத்த சினைப்பருவம் தள்ளிப்போகிறது. அடுத்த ஈற்றில் குட்டிகள் குறைகின்றன. கொழுப்பும் தசையும் முழுமையாகச் சேராத தலையீற்றுப் பன்றியே இதில் மிகவும் பாதிக்கப்படுகிறது. இரண்டாம் ஈற்றில் குட்டி எண்ணிக்கை சரிந்தால், அதன் காரணத்தை முதல் ஈற்றின் பாலூட்டும் கொட்டிலில் தேட வேண்டும்.

6. இரண்டாவதாகக் குறைவது எது?

தசை கரைந்து வரும் அமினோ அமிலங்களின் விகிதமும் பாலுக்கு வேண்டிய விகிதமும் ஒன்றல்ல. கரையும் தசை லைசின் பற்றாக்குறையை ஓரளவு நிரப்பும். திரியோனின் பற்றாக்குறையை அந்த அளவுக்கு நிரப்பாது. இதன் விளைவை 2001இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினர். உடல் எடை இழக்காமல் பாலூட்டும் பன்றிக்கு, லைசின் 100 என்றால் திரியோனின் 59, வாலின் 77. மிகுதியாக எடை இழக்கும் பன்றிக்குத் திரியோனின் 75, வாலின் 78. வாலினின் பங்கு ஏறத்தாழ அப்படியே நிற்க, திரியோனினின் பங்கு மட்டும் பாய்ந்து உயர்கிறது.

மக்காச்சோள-சோயாத் தீவனத்தில் இதன் பொருள்: நன்றாக உண்ணும் பன்றிக்கு லைசினுக்கு அடுத்துக் குறைவது வாலின், உண்ணாமல் மெலியும் பன்றிக்கு அடுத்துக் குறைவது திரியோனின். மேய்ப்பர் கண்ணால் காணும் உடல்நிலை, ஆய்வகம் சொல்லும் வரிசையை மாற்றிவிடுகிறது.

வாலினைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வாலின் விகிதத்தை மிக உயர்த்தினால் குட்டிகளின் எடை கூடும் என்று 1990களில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுகள் கூறின. பின்னர் நடந்த சோதனைகள் பலவற்றில் அந்தப் பலன் தெளிவாகக் கிடைக்கவில்லை. லியூசின் மிகுந்த மக்காச்சோளத் துணைப்பொருள்கள் தீவனத்தில் கூடும்போது வாலினும் ஐசோலியூசினும் உடலில் வேகமாகச் சிதைகின்றன என்பதும் கணக்கில் வர வேண்டும்.

7. கொட்டிலின் வெப்பமும் கழிவின் நைட்ரஜனும்

குறைபடும் அமினோ அமிலத்தைத் தூளாகத் தனியே சேர்த்தால் தீவனத்தின் மொத்தப் புரதத்தைக் குறைக்கலாம். நொதித்தல் முறையில் அமினோ அமிலம் உற்பத்தி செய்யும் வழியை ஜப்பானின் கியோவா ஹாக்கோ நிறுவனத்தில் ஷுகுவோ கினோஷிட்டா குழுவினர் 1956இல் ஒரு மண் நுண்ணுயிரைக் கண்டெடுத்துத் திறந்துவைத்தனர். இன்று தீவனச் சந்தையில் கிடைக்கும் லைசின் அந்நுண்ணுயிரின் வழித்தோன்றல்களாலும் அவை போன்றவற்றாலும் சர்க்கரையிலிருந்து ஆக்கப்படுகிறது. அதன் பயன் எளிய கணக்கில் விளங்கும். ஒன்றரைக் கிலோ லைசின் ஹைட்ரோகுளோரைடும் 48.5 கிலோ மக்காச்சோளமும் சேர்ந்து, 50 கிலோ சோயாப் புண்ணாக்கு தரும் லைசினில் பெரும்பகுதியைத் தருகின்றன. ஒரு டன் தீவனத்தில் இந்த மாற்றத்தைச் செய்தால் மொத்தப் புரதம் ஏறத்தாழ 2 சதவீதப் புள்ளி குறையும்.

புரதம் 1 சதவீதப் புள்ளி குறைந்தால் கழிவில் போகும் நைட்ரஜன் ஏறத்தாழ 8 முதல் 10 சதவீதம் குறைகிறது. கொட்டிலில் அம்மோனியா நெடி தணிகிறது. வெப்ப நாடுகளுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. மிகுதியான அமினோ அமிலத்தைச் சிதைத்து யூரியாவாக்கும் வேலை உடலில் வெப்பத்தை உண்டாக்குகிறது. பாலூட்டும் பன்றிக்கு ஏற்ற வெப்பம் 15 முதல் 22 டிகிரி செல்சியஸ். தமிழ்நாட்டின் கோடையில் கொட்டில் 35 டிகிரியைத் தாண்டும்போது, அந்தக் கூடுதல் வெப்பத்தைக் குறைக்கத் தீவனத்தை உண்ணாமல் விடுவதே பன்றிக்குத் தெரிந்த வழி. புரதத்தைக் குறைத்து, குறைபடும் அமினோ அமிலங்களை மட்டும் தூளாகச் சேர்த்த தீவனம் அதன் சுமையை இறக்குகிறது. நல்ல குடிநீரும் காற்றோட்டமும் இல்லாத கொட்டிலில் இந்த நன்மை முழுதாகக் கிட்டாது.

8. கலவைக் களத்தில் கவனிக்க வேண்டியவை

(அ) தூய்மை. தீவனத்தர லைசின் ஹைட்ரோகுளோரைடில் உண்மையான லைசின் 78 சதவீதம் சொச்சமே. பையின் எடையை லைசினின் எடையாகக் கொள்வது பிழை.

(ஆ) வடிவம். லைசினிலும் திரியோனினிலும் எல் வடிவமே உடலுக்குப் பயன்படும். மெத்தியோனினின் டி வடிவத்தை உடல் எல் வடிவமாக மாற்றிக்கொள்வதால் இரண்டும் கலந்த மெத்தியோனின் பயன்படுகிறது. மெத்தியோனின் மிகையானால் நஞ்சாகும் இயல்புடையது என்பதால் அளவு தாண்டக் கூடாது.

(இ) செரிமானம். அதிக வெப்பத்தில் வாட்டிய புண்ணாக்கில் லைசின் சர்க்கரையோடு பிணைந்து பயனற்றுப் போகிறது. ஆய்வறிக்கையில் தெரியும் லைசின் எல்லாம் குடலில் கிடைக்கும் லைசின் அல்ல. கணக்கைச் செரிக்கத்தக்க அளவில் போட வேண்டும்.

(ஈ) வேளை. தூளாகச் சேர்த்த அமினோ அமிலம் விரைவில் குடலில் உறிஞ்சப்படும். புண்ணாக்கின் புரதம் மெல்லச் செரிக்கும். நாளுக்கு ஒருமுறை மட்டும் தீவனம் பெறும் சினைப்பன்றியின் உடலில் இரண்டும் ஒரே நேரத்தில் சேராமல் தூளின் பங்கு வீணாகலாம். தீவனத்தை இரு வேளையாகப் பிரித்துக் கொடுப்பது செலவில்லாத திருத்தம்.

(உ) வரம்பு. மக்காச்சோள-சோயாத் தீவனத்தில் டன்னுக்கு ஒன்றரைக் கிலோ அளவு வரை லைசின் ஹைட்ரோகுளோரைடைத் தனியாகச் சேர்ப்பது வழக்கமான வரம்பு. அதைத் தாண்டினால் திரியோனின், வாலின், டிரிப்டோபன், மெத்தியோனின் ஆகியவற்றையும் கணக்கிட்டே ஆக வேண்டும்.

(ஊ) உள்ளூர்ப் பொருள்கள். கடலைப் புண்ணாக்கில் புரதம் மிகுதி. லைசினும் மெத்தியோனினும் குறைவு. அஃப்ளாடாக்சின் அச்சமும் உண்டு. எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் நன்று, லைசின் குறைவு. சோயாவுக்காக எழுதப்பட்ட வாய்பாட்டை இவற்றுக்கு அப்படியே எடுத்தாளக் கூடாது. தமிழ்நாட்டில் பலர் உணவகக் கழிவை நம்பிப் பன்றி வளர்க்கின்றனர். அதில் சோறே மிகுதி. புரதம் நாளுக்கு நாள் மாறும். நோய் பரவாதிருக்க அதைக் கொதிக்கவைத்தே தர வேண்டும். சினையின் கடைசி மாதத்திலும் பாலூட்டும் காலத்திலுமாவது, லைசின் கணக்கிட்டுச் செய்த அடர்தீவனத்தை அதனோடு சேர்த்துத் தருவது தாயையும் குட்டிகளையும் காக்கும்.

இந்த எட்டுக் கூறுகளும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அமினோ அமிலச் சேர்ப்பின் பலன், விலையுயர்ந்த பையை வாங்கும் பண்ணைக்கு முன், நாள்குறிப்பும் தீவனத் தராசும் வைத்திருக்கும் பண்ணைக்கே கிடைக்கும். இனச்சேர்க்கை நாளை எழுதாதவருக்கு 14ஆம் நாளும் 90ஆம் நாளும் தெரியப் போவதில்லை. உண்ணும் அளவை நிறுக்காதவருக்கு லைசின் சதவீதத்தால் பயனில்லை. இந்த அவையில் அமர்ந்திருக்கும் கால்நடை மருத்துவ மாணவர்கள் நாளை ஒரு பண்ணைக்குள் நுழையும்போது, எந்தத் தீவனம் போடுகிறீர்கள் என்று கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: இந்தப் பன்றிக்கு இன்று எத்தனையாவது நாள்? நேற்று எத்தனை கிலோ தின்றது? இவ்விரண்டுக்கும் விடை தெரிந்த பிறகே அமினோ அமிலக் கணக்கைத் தொடங்க வேண்டும்.